கூடுதலாக ஒரு முகமூடி

பிறந்தநாள் விழா நடத்திக் கொடுப்பவளிடம் வந்து, "போன வருஷம் பண்ணின மாதிரியே பண்ணிடுங்க" என்று யாராவது சொன்னால் எனக்குச் சுர்ரென்று ஏறிவிடும். போன வருடம் காடு என்றால் இந்த வருடம் கடல், அதற்கடுத்த வருடம் விண்வெளி. ஆறு வயதில் புலி முகமூடி மாட்டிக்கொண்டு உறுமிய பிள்ளை, ஏழு வயதில் அதே புலியைப் பார்த்தால், "இது பழசு ஆன்ட்டி" என்று நாலு பேர் முன்னால் மானத்தை வாங்கிவிடும். பதினைந்து வருடமாக இந்தத் தொழிலில் குப்பை கொட்டுகிறேன், எனக்குத் தெரியாதா?

பல் டாக்டரம்மா ஒருவர் வியாழக்கிழமை மத்தியானம் என் பட்டறைக்கு வந்து அதையேதான் சொன்னார். பட்டறை என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் வீட்டில் கார் நிறுத்துவதற்காகக் கட்டிய இடம். கார் வாங்கவே இல்லை என்பதால் எனக்குக் கிடைத்தது. ஒரு பக்கம் அட்டை, பெயிண்ட், கத்தரிக்கோல். இன்னொரு பக்கம் என் வீட்டுக்காரரின் பலூன் பம்பு. அவர் பலூன், நான் முகமூடியும் விளையாட்டும். எங்களுக்குப் பிள்ளை இல்லை. பதினெட்டு வருடமாக அதற்குக் காரணம் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது, நீங்களாவது கேட்காதீர்கள்.

"அதே காடு. அதே பன்னெண்டு பிள்ளைங்க. அதே விளையாட்டு, அதே வரிசையில," என்றார் டாக்டர். போன வருடம் நான் எழுதிக் கொடுத்த நிகழ்ச்சித் தாளை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்திருந்தார். அதை என் மேஜையில் விரித்தார். "முதல்ல யானைக்கு வால் ஒட்டுறது. அப்புறம் பாட்டு நின்னா இலை மேல நிக்கிறது. அப்புறம் கண்ணாமூச்சி. எதையும் மாத்தாதீங்க."

"ஏன் டாக்டர், வர்றவங்க எல்லாருக்கும் ஒரே பல்லையா கட்டி அனுப்புறீங்க?" என்றேன். "பழைய காட்டையே திரும்பப் போட்டா பிள்ளைங்க சிரிக்கும். பொட்டுவுக்கு என்ன பிடிக்கும்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

பொட்டு அவருடைய ஒரே மகள். மோவாயில் மிளகு அளவுக்கு ஒரு மச்சம் இருப்பதால் வீட்டில் அப்படிக் கூப்பிடுகிறார்கள். வரும் ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு அவளுக்கு ஏழு வயது.

"அவதான் கேக்குறா," என்றார் டாக்டர். பிறகு என் பிளாஸ்டிக் ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தார். அடுத்தவர் வாயைத் திறக்க வைத்தே பழகிய மனுஷி, தன் வாயைத் திறக்க அன்று அவ்வளவு சிரமப்பட்டார். நான் தண்ணீர் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டுச் சொன்னார்.

போன வருட விழா முடிந்த மறுநாள், சரியாக நாலு மணிக்கு, பொட்டு கூடத்துச் சுவரில் முகத்தை வைத்துக் கண்ணைப் பொத்திக்கொண்டு இருபது வரை எண்ணியிருக்கிறாள். பிறகு வீடு முழுக்க ஒவ்வொரு கதவாகத் திறந்து தேடியிருக்கிறாள். பிள்ளை விளையாடுகிறது என்று விட்டுவிட்டார்கள். அடுத்த நாளும் அதே. அதற்கடுத்த நாளும். ஒரு வருடமாக ஒரு நாள் தப்பவில்லை. காய்ச்சலில் கிடந்தபோதுகூட எழுந்து போய்ச் சுவரில் சாய்ந்து எண்ணினாளாம். என்னடி தேடுற என்று கேட்டால், "ஆட்டம் இன்னும் முடியலம்மா, ஒரு ஆள் பாக்கி" என்பாளாம்.

"டாக்டர்கிட்ட காட்டினீங்களா?" என்று கேட்டுவிட்டு, டாக்டரிடமே இதைக் கேட்கிறோமே என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"மூணு பேர்கிட்ட காட்டியாச்சு. போகப் போகச் சரியாகிடும்னாங்க. அதைக்கூடப் பொறுத்துக்கிட்டேன். இதைப் பாருங்க." தன் போனை நீட்டினார்.

பள்ளிக்கூட வாசலில் பொட்டு. சீருடையில் கசங்கல் வரை தெரிகிறது. முகம் மட்டும் ஆடிப்போய், நனைந்த விரலால் தேய்த்த மாதிரி இருந்தது. அடுத்த படம் ஊஞ்சலில், அதிலும் அப்படித்தான். அதற்கடுத்தது அவள் அப்பாவின் மடியில். அப்பா பளிச்சென்று இருக்கிறார், மடியில் இருப்பவளுக்கு முகம் இல்லை. பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போனேன். ஆறு மாதத்துக்கு முன்னால் கொஞ்சம் தெளிவு. பத்து மாதத்துக்கு முன்னால் மச்சம்கூடத் தெரிந்தது.

"போன் கெட்டுப்போச்சுன்னு வேற போன் வாங்கினேன்," என்றார் டாக்டர். "அதுலயும் இப்படித்தான். இப்ப நேர்லயும்... எப்படிச் சொல்றதுன்னு தெரியல. காலையில தலை வாரி விடும்போது ஒரு நிமிஷம் இது யார் பொண்ணுன்னு தோணுது. பெத்தவளுக்கே தோணுது. அந்த மச்சத்தைத் தேட வேண்டியிருக்கு." அவர் அழ ஆரம்பித்தார். "பிறந்தநாளோட முடிஞ்சிடும்மாங்கிறா. அந்த ஒளிஞ்சிருக்கிற ஆள் வந்து கேக் சாப்பிடுமாம், இவ போய் ஒளிஞ்சுக்கணுமாம். மாத்தி விளையாடணுமாம். எனக்கு என் பொண்ணு வேணும்."

எனக்கும் பயம்தான். ஆனாலும் வாய் சும்மா இருக்குமா? "சரி சரி, அழாதீங்க. எல்லாம் பிள்ளைங்க கற்பனைதான்," என்று சொல்லி அனுப்பிவைத்தேன். அவர் தெருமுனை திரும்பியதும் கதவைச் சாத்திவிட்டுப் பழைய நோட்டைத் தேடினேன்.

என் தொழிலில் இரண்டு பழக்கங்களை நான் விட்டதே இல்லை. ஒன்று, எதையும் தலைக்கணக்குக்கு மேல் ஒன்று கூடுதலாகச் செய்வேன். அழைத்த பிள்ளையோடு அழைக்காத தம்பியோ தங்கையோ வந்து நிற்பது எல்லா வீட்டிலும் நடக்கும். அதன் கை வெறுமனே இருக்கக் கூடாது. கூடுதல் முகமூடிக்கு மட்டும் நான் முகம் வரைவதில்லை. கண்ணுக்கு இரண்டு ஓட்டை போட்டு, எலாஸ்டிக் கட்டி, வெள்ளையாகவே கொண்டுபோவேன். வந்த பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து, "என்ன வரையணும் கண்ணு?" என்று கேட்டு அது சொன்னதை அங்கேயே வரைந்து கொடுப்பேன். அழையாமல் வந்த பிள்ளைக்குத்தான் அன்றைக்கு ராஜ மரியாதை.

இரண்டாவது, கண்ணாமூச்சி என்றால் மூன்று முறை விசில் ஊதி, "ஆட்டம் முடிஞ்சது, எல்லாரும் வெளிய வாங்க" என்று சொல்லாமல் அடுத்த வேலைக்கு நகர மாட்டேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வாண்டு சோபாவுக்கு அடியில் ஒளிந்து அப்படியே தூங்கிப்போக, ஊரே கூடி மூன்று மணி நேரம் தேடியது. அன்றைக்கு வாங்கிய விசில். பிள்ளைகளுக்கு என் பெயரே விசில் ஆன்ட்டிதான்.

நோட்டில் போன வருடப் பக்கம் கிடைத்தது. திரும்பி வந்த பொருள்களை நான் எழுதி வைப்பேன். இலை பன்னிரண்டு, வந்தது. யானை ஒன்று, வந்தது. கடைசி வரியில் என் கையெழுத்தில் இருந்தது: வெள்ளை முகமூடி ஒன்று, வரவில்லை.

அப்போதுதான் எல்லாம் ஞாபகத்துக்கு வந்தது. அன்றைக்குக் காலையிலிருந்தே எனக்கு மூக்குக்கு மேல் கோபம். கேக் கொண்டுவருகிறவன் இதோ அதோ என்று இழுத்தடித்தான். கண்ணாமூச்சிக்கு முன்னால் பிள்ளைகள் முகமூடியின் எலாஸ்டிக்கை இறுக்கிக்கொள்ள என் முன்னால் வரிசையில் நின்றார்கள். நான் குனிந்த தலை நிமிராமல் முடிச்சுப் போட்டுக்கொண்டே போனேன். கடைசியாக ஒரு கை நீண்டது. கையில் வெள்ளை முகமூடி. நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. "அப்புறம் பாத்துக்கலாம், போ, போய் ஒளிஞ்சுக்கோ!" என்று எரிந்து விழுந்தேன். அந்தக் கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு போய்விட்டது. பொட்டு சுவரில் எண்ணிக்கொண்டிருந்தாள். ஆட்டம் பாதியில் இருக்கும்போது வாசலில் கேக் வந்தது. ஒரு பக்கமாகச் சரிந்து வந்தது. நான் ஆட்டத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். யாரோ, "கேக் வெட்டலாம் வாங்க" என்று கத்தினார்கள். பிள்ளைகள் ஓடி வந்துவிட்டார்கள். நான் விசில் ஊதவில்லை.

சாப்பிடும்போது வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் பொறுமையான மனிதர். என்னோடு இத்தனை வருடம் குடித்தனம் நடத்துகிறவர் வேறு எப்படி இருக்க முடியும்?

"பன்னெண்டு பேரும் நீ போட்ட முகமூடியோட இருந்தாங்கல்ல?" என்றார்.

"இருந்தாங்க."

"அப்ப அந்தக் கை யாரோடது?"

"அதைத்தான் நானும் கேக்குறேன்."

அவர் கையில் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டார். "ஏம்மா, இந்த ஒரு வேலையை விட்டுடேன். வேற யாராவது பண்ணட்டும்."

"வேற யாரு 'போ, ஒளிஞ்சுக்கோ'ன்னு சொன்னது? நான்தானே?" என்றேன்.

விழாவுக்கு முந்தைய நாள், சனிக்கிழமை மாலை, இடத்தை அளந்து பார்க்கும் சாக்கில் டாக்டர் வீட்டுக்குப் போனேன். வரிசை வீடுகளில் ஒன்று. கீழே கூடமும் சமையலறையும், மாடியில் படுக்கையறைகள், மாடிப்படிக்கு எதிரே துணி துவைக்கும் சின்ன அறை. தொங்கவிட வேண்டிய பச்சைத் தாள்களுக்கு நூலை அளந்துகொண்டிருந்தேன். நாலு மணி ஆனது. பொட்டு சமையலறையிலிருந்து வந்தாள், என்னைப் பார்த்துத் தலையாட்டினாள், சுவரில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

"ஒண்ணு. ரெண்டு. மூணு."

விளையாடுகிற பிள்ளையின் குரல் இல்லை அது. தினமும் ஒரே பேருந்தில் வேலைக்குப் போகிறவர்களுக்கு வரும் அலுப்பு அந்தக் குரலில் இருந்தது. இருபது முடிந்ததும் திரும்பினாள். நான் அவளைப் பார்த்தேன். கண் இருந்தது, மூக்கு இருந்தது, வாய் இருந்தது. ஆனால் பார்வையை ஒரு நொடி அந்தப் பக்கம் திருப்பினால் எதுவுமே மனதில் நிற்கவில்லை. மச்சம் பென்சில் புள்ளியாக வெளுத்துப்போயிருந்தது.

"பொட்டு, அது எங்க இருக்குன்னு உனக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியுமே. துணி துவைக்கிற ரூம்ல, கதவுக்குப் பின்னாடி."

"அப்ப ஏன்டி தினம் தேடுற? பிடிச்சு அவுட்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன் ஆன்ட்டி. வெளிய வர மாட்டேங்குது. வெட்கமா இருக்காம்." அவள் என் கழுத்தில் தொங்கிய விசிலைப் பார்த்தாள். "எல்லாருக்கும் மூஞ்சி குடுத்தீங்க. அதுக்கு மட்டும் குடுக்கல. அதனால நான் என்னோடதைத் தர்றேன்னு சொன்னேன். தினம் கொஞ்சம் கொஞ்சமா. நாளைக்கு முழுசா குடுத்துடுவேன்."

"உனக்குப் பயமா இல்லையா?"

"அது பாவம் ஆன்ட்டி," என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அம்மாதான் அழுவாங்க," என்று சேர்த்துக்கொண்டாள்.

நான் அந்த அறைக்குப் போய்ப் பார்த்தேனா என்று கேட்பீர்கள். போகவில்லை. வாசல் வரை போனேன். சலவை இயந்திரம் சுற்றிக்கொண்டிருந்தது, கதவு சுவரோடு சேர்ந்தாற்போல் விரியத் திறந்திருந்தது. கதவுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு கையகல இடம் இருட்டாக இருந்தது. அப்படியே திரும்பிவிட்டேன். வாய்தான் நீளமே தவிர நான் அவ்வளவு தைரியசாலி இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வேலைக்குக் குறைவில்லை. காலையிலேயே கூடம் காடாகிவிட்டது. வீட்டுக்காரர் பழுப்புப் பலூன்களைப் பின்னிக் கதவு உயரத்துக்கு இரண்டு மரம் நிறுத்தினார். பொட்டுவோடு சேர்த்துப் பன்னிரண்டு பிள்ளைகளும் கூடிவிட்டார்கள். "ஐயே, இது போன வருஷ காடு!" என்று ஒரு பயல் வாசலிலேயே ஆரம்பித்தான். "ஆமாடா, காட்டை வருஷா வருஷம் இடிச்சுக் கட்டுவாங்களா? உள்ள போ," என்று அதட்டி ஒரு கரடி முகமூடியைக் கொடுத்தேன். அவன் உறுமிக்கொண்டே ஓடினான். மேஜையில் புலி, மான், முயல், குரங்கு என்று பன்னிரண்டு முகமூடி. பதிமூன்றாவதை நான் இந்தத் தடவை செய்யவில்லை, அது ஏற்கெனவே அந்த வீட்டில்தான் இருந்தது. வாழ்க்கையில் முதல் முறை.

யானைக்கு வால் ஒட்டும் ஆட்டத்தில் ஒருத்தி வாலைக் கொண்டுபோய் டாக்டரின் புடவையில் ஒட்டினாள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். டாக்டரும் சிரித்தார், கண் மட்டும் மகளை விட்டு நகரவில்லை. பிறகு தரையில் காகித இலைகளைப் போட்டோம். பாட்டு நின்றதும் ஓடிப்போய் இலை மேல் நிற்க வேண்டும். பன்னிரண்டு பிள்ளை, பன்னிரண்டு இலை. முதல் தடவை பாட்டு நின்றபோதே குரங்கு முகமூடி போட்ட பெண் இலை கிடைக்காமல் முழித்தாள். எண்ணிப் பார்த்தேன். பன்னிரண்டு இலையும் தரையில்தான் இருந்தது. மாடிப்படிக்குப் பக்கத்தில் கிடந்த இலை மேல் யாரும் இல்லை. ஆனால் அது நடுவில் அமுங்கி, ஓரங்கள் மேல்நோக்கி மடங்கியிருந்தது. "அதுல ஆள் நிக்குது," என்று அந்தக் குரங்கு சர்வசாதாரணமாகச் சொல்லிவிட்டு ஓரமாகப் போய் நின்றாள். நான் அவசரமாக ஆட்டத்தையே நிறுத்தினேன்.

கண்ணாமூச்சி. பொட்டு சுவரில் சாய்ந்து எண்ண ஆரம்பித்தாள். பிள்ளைகள் சோபாவுக்குப் பின்னால், திரைச்சீலைக்குள், மாடியில் என்று சிதறி ஓடினார்கள். நான் பிரஷ் பெட்டியை எடுத்துக்கொண்டேன். டாக்டர் என் முழங்கையைப் பிடித்தார்.

"நானும் வர்றேன்."

"வேண்டாம். நீங்க மாடிப்படியில உக்காருங்க. நான் விசில் ஊதுற வரைக்கும் எழுந்திருக்கக் கூடாது. உங்க பொண்ணைக் கூட்டிட்டு வர்றேன்." எந்தத் தைரியத்தில் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

இருபது எண்ணி முடித்ததும் பொட்டு எங்கும் தேடவில்லை. நேராகத் துணி துவைக்கும் அறைக்குள் போனாள். நான் பின்னாலேயே போனேன். அவள் கதவின் விளிம்பைப் பிடித்து மெதுவாக இழுத்தாள்.

அது அங்கே நின்றது. பொட்டு உயரம்தான் இருக்கும். யாருடைய பழைய சட்டையோ, கை முழுவதும் மூடித் தொங்கியது. முகத்தில் என் முகமூடி. ஒரு வருடத்தில் வெள்ளை பழுப்பேறியிருந்தது. நான் கட்டிய எலாஸ்டிக் ஒரு பக்கம் அறுந்து கீழே தொங்கியது. எதுவும் பிடித்துக்கொள்ளாமலே முகமூடி அந்த இடத்தில் நின்றது. கண் ஓட்டைகள் வழியாகப் பின்னால் இருந்த நீலச் சுவர் தெரிந்தது.

கத்த வேண்டும் போலிருந்தது. கத்தினால் பதினோரு பிள்ளைகள் ஓடி வரும். நான் தரையில் உட்கார்ந்தேன். பெட்டியைத் திறந்து தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்து வைத்தேன். பழக்கப்பட்ட வேலையில் கை இறங்கியதும் மூச்சு கொஞ்சம் சீரானது.

"ரொம்ப நேரம் காக்க வெச்சுட்டேன்," என்றேன். "தப்பு என்னோடதுதான். அன்னிக்கு உன் மூஞ்சியை நிமிர்ந்துகூடப் பாக்கல. இப்ப சொல்லு, என்ன வரையணும் கண்ணு?"

தொங்கிய சட்டைக் கை எழுந்தது. பொட்டுவைக் காட்டியது.

பொட்டு கண்ணை மூடிக்கொண்டு முகத்தைத் தூக்கிக் கொடுத்தாள், அம்மா முகம் துடைத்துவிடும்போது பிள்ளைகள் கொடுப்பார்களே, அப்படி. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் மோவாய் மச்சம் மங்கியது. எனக்குப் பயம் போய்க் கோபம் வந்தது.

"ஏய், அதெல்லாம் நடக்காது. அது அவளோடது, அவ அம்மா பெத்துக் குடுத்தது. அவ குடுக்கிறேன்னு சொன்னா நீ வாங்கிப்பியா? வேற கேளு. புலி வரையட்டுமா? முயல்? நல்ல நீளமா மீசை வெச்சுப் பூனை?"

கை இறங்கவில்லை. மச்சம் கிட்டத்தட்டப் போய்விட்டது. வெளியே மாடிப்படியில் டாக்டர் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

புலி கொடுத்து ஏமாற்ற முடியாது என்று புரிந்தது. அதற்கு வேண்டியது மனுஷ முகம். கொடுக்கிறவர் மனதாரக் கொடுக்கிற முகம். அந்த அறையில் இன்னும் ஒரே ஒரு முகம்தான் இருந்தது.

"இங்க பாரு, என்னைப் பாரு," என்றேன். "இது கொஞ்சம் பழசு. இடது புருவத்துல ஒரு வெட்டு இருக்கு, சின்ன வயசுல ஊஞ்சல்ல இருந்து விழுந்தது. மூக்கும் கொஞ்சம் பெருசுதான். ஆனா என்னோடது. யாரையும் கேக்காம நானே குடுக்கலாம். வேணுமா?"

அது தலையைச் சாய்த்தது. கை மெல்ல இறங்கியது. ஓரடி முன்னால் வந்து, என் முழங்காலுக்குப் பக்கத்தில், அழையாமல் வரும் பிள்ளைகள் எல்லோரும் உட்காருவது போல உட்கார்ந்தது.

நான் வரைந்தேன். கண்ணாடி தேவைப்படவில்லை, நாற்பத்து மூன்று வருடம் பார்த்த முகம்தானே. நெற்றியில் பிரஷை வைத்தபோது என் நெற்றி குளிர்ந்தது. கன்னத்தில் வைத்தபோது கன்னம். என்ன நடக்கிறது என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரியாமல் மாட்டிக்கொண்டேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மூக்கைக் கொஞ்சம் சின்னதாக வரைந்து கொடுத்தேன். கடைசியாக இடது புருவம், அதன் நடுவே வெட்டு. முடித்ததும் ஈரம் காய ஊதினேன். எந்தப் பிள்ளைக்கும் ஊதுவது போலத்தான்.

பிறகு விசிலை எடுத்து மூன்று முறை ஊதினேன். "ஆட்டம் முடிஞ்சது! எல்லாரும் வெளிய வாங்க!"

வீடு முழுக்கக் கதவுகள் திறந்தன. தடதடவென்று பிள்ளைகள் ஓடி வந்தார்கள். என் முழங்காலருகே யாரும் இல்லை. தரையில் முகமூடி கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். நான் வரைந்த ஒரு கோடுகூட அதில் இல்லை, வெறும் வெள்ளை.

பொட்டு கண்ணைத் திறந்தாள். "பசிக்குது," என்றாள். அவள் மோவாயில் மிளகு அளவுக்கு மச்சம் கறுப்பாக உட்கார்ந்திருந்தது. டாக்டர் ஓடி வந்து அவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "என் பொண்ணு, என் பொண்ணு" என்று அழுதார். படம் எடுத்துப் பார்த்தார். தெளிவாக வந்திருந்தது, முன்பல் விழுந்த இடைவெளிகூடத் தெரிந்தது. கேக் இந்த வருடம் நேராக வந்தது. மறுநாள் நாலு மணிக்கு டாக்டர் எனக்குப் போன் செய்து பேசாமல் இருந்தார். பின்னணியில் பொட்டு யாரிடமோ பென்சிலுக்குச் சண்டை போடும் சத்தம் மட்டும் கேட்டது. எண்ணவில்லை.

இரண்டு வாரம் கழித்துக் காலையில் காபி கொடுக்கும்போது வீட்டுக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல... ஏதோ மாறியிருக்க. தலையை வேற மாதிரி வாரினியா?"

குளியலறைக்குப் போய்க் கண்ணாடியில் பார்த்தேன். இடது புருவத்தில் வெட்டைக் காணவில்லை. முடி ஒழுங்காக, இடைவெளி இல்லாமல் இருந்தது. விரலால் தடவிப் பார்த்தேன், வழுவழுவென்று இருந்தது. அவரிடம் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு நடத்திய விழாக்களில் ஒரு தட்டு கூடுதலாகக் காலியானது. கூடுதலாகச் செய்த கிரீடம் எங்கே போனது என்று தெரியவில்லை. கூடுதலாக ஒன்று வைக்கும் பழக்கத்தை நான் மறுபடி ஆரம்பித்துவிட்டேன், இப்போது அதை வெள்ளையாக விடுவதும் இல்லை. "அந்தக் குட்டி ஆன்ட்டி எங்க?" என்று ஒரு பெண் குழந்தை என்னைக் கேட்டது. "விளையாடுறா, நீயும் போ," என்றேன்.

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு பேருந்து ஓட்டுநரின் இரட்டைப் பிள்ளைகளுக்கு ஐந்தாவது பிறந்தநாள். மொட்டை மாடியில், கடல். நல்ல வெயில். நான் மீன் வடிவத் தொப்பிகளுக்கு நூல் கட்டிக்கொண்டிருந்தேன். அந்த அப்பா போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எல்லோரையும் படம் எடுத்துக்கொண்டு வந்தார்.

"அக்கா, அது உங்க பொண்ணா?" என்றார். "உரிச்சு வெச்ச மாதிரி இருக்கே! அந்தப் புருவத்து வெட்டுகூட அப்படியே."

நான் நிமிர்ந்தேன். அன்றைக்கு நிமிர்ந்து பார்க்காமல் விட்டவளாயிற்றே, இந்த முறை நன்றாகப் பார்த்தேன். நீலத் துணிகளுக்கு நடுவே பிள்ளைகளோடு பிள்ளையாக அவள் ஓடிக்கொண்டிருந்தாள். ஏழு வயதில் நான். மூக்கு மட்டும் கொஞ்சம் சின்னது. இரைக்க இரைக்க நின்று என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

பதினெட்டு வருடமாகக் கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லி வந்த பதில் நாக்கு நுனியில் இருந்தது. அதை விழுங்கினேன்.

"ஆமா," என்றேன். "என் பொண்ணுதான்."

"அப்ப ரெண்டு பேரும் சேர்ந்து நில்லுங்க, ஒரு படம் எடுக்கிறேன்."

அவள் ஓடி வந்து என் பக்கத்தில் நின்றாள். என் கைக்குள் ஒரு சின்னக் கை நுழைந்தது. காயாத பெயிண்ட் போலச் சில்லென்று இருந்தது. நான் இறுகப் பிடித்துக்கொண்டேன். ஓட்டுநர் படம் எடுத்தார். போனை வெயிலுக்கு மறைத்துக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"பொண்ணு சூப்பரா வந்திருக்கா அக்கா. நீங்கதான் ஆடிட்டீங்க போல, மூஞ்சியே விழல. இன்னொண்ணு எடுக்கட்டுமா?"

"வேண்டாம் தம்பி," என்றேன். "அவ நல்லா வந்திருக்கால்ல, அது போதும்."